பத்து சதவீதம் குறைத்தால் போதுமா? எழுவர் றக்பியில் ஆண், பெண் ஆற்றல் வேறுபாடு

யாழ்ப்பாணத்தில் தமது பாடசாலையின் வலைப்பந்தாட்ட மாணவிகளைக் கொண்டு எழுவர் றக்பி அணியொன்றைத் தொடங்கவிருக்கும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது: தெற்கிலுள்ள ஆண்கள் அணியொன்றின் பயிற்சித் திட்டம் அவர் கையில் இருக்கிறது; பெண்களின் ஆற்றல் ஆண்களுடையதைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு என்று எங்கும் சொல்லப்படுவதால், அத்திட்டத்திலுள்ள எண்களையெல்லாம் பத்திலொரு பங்கு குறைத்து மாணவிகளுக்குக் கொடுத்தால் போதுமா?

போதாது. அந்த 10 சதவீதம் தவறான எண் அல்ல. ஆனால் அது ஓட்டத்துக்கு மட்டும் பொருந்துகிற எண். 100 மீற்றர் உலக சாதனை ஆண்களுக்கு 9.58 செக்கன், பெண்களுக்கு 10.49 செக்கன், 400 மீற்றரில் 43.03, 47.60. இரண்டிலும் இடைவெளி 10 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. எழுவர் றக்பி ஓட்டம் மட்டும் என்றால் உங்கள் கணக்கு ஓரளவு சரிவந்திருக்கும். ஆனால் அதில் ஓடுவதோடு எறிவதும், உதைப்பதும், மோதி வீழ்த்துவதும், வீழ்ந்து எழுவதும் சேர்ந்தே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள இடைவெளி வெவ்வேறு அளவானது. சிலவற்றில் அது 10 சதவீதத்தைவிட மிகப் பெரிது, ஒன்றிரண்டில் ஏறத்தாழ இல்லை. இந்தச் சமனின்மைதான் பெண்கள் எழுவர் றக்பிக்குத் தனியான ஓர் ஆட்ட வடிவத்தைக் கொடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உடலிலிருந்து தொடங்குவோம். பருவமடையும் வயதுவரை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஓட்டத்திலும் பாய்தலிலும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. அதன்பின் ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹோர்மோன் பன்மடங்கு உயர்கிறது. தசையின் அளவு, எலும்பின் பருமன், குருதியில் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஹீமோகுளோபின் எல்லாம் அதோடு உயர்கின்றன. தசை கூடுவது உடல் முழுவதும் ஒரே அளவில் நடப்பதில்லை. பயிற்சி பெறாத இளைஞர்களை ஒப்பிட்டால் பெண்களின் கால் வலிமை ஆண்களுடையதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகவும், கை மற்றும் தோள் வலிமை பாதியை ஒட்டியும் காணப்படுகிறது. பயிற்சியால் இடைவெளி சுருங்கும். ஆனால் காலைவிடத் தோளில் இடைவெளி பெரிது என்ற ஒழுங்கு மாறுவதில்லை. றக்பியில் இதன் விளைவு மிகப் பெரிது.

மோதலில் இது இன்னொரு வகையில் பெருகுகிறது. உலகத் தர எழுவர் அணிகளில் ஆண் வீரர் ஒருவர் 90 கிலோகிராம் அளவிலும் பெண் வீராங்கனை ஒருவர் 70 கிலோகிராம் அளவிலும் இருப்பது வழமை. முழு வேகத்தில் ஆண் செக்கனுக்கு 9 மீற்றரும் பெண் 8 மீற்றரும் ஓடுவதாகக் கொள்வோம். வேகத்தில் இடைவெளி 11 சதவீதம்தான். எடையை வேகத்தால் பெருக்கி உந்தத்தைக் கணித்தால் 810க்கு 560, அதாவது 31 சதவீதக் குறைவு. இயக்கச் சக்தியில் வேகம் வர்க்கமாக வருவதால் இடைவெளி ஏறத்தாழ 39 சதவீதமாகிறது. வேகத்தில் சிறிதாகத் தெரியும் வித்தியாசம் மோதலில் இத்தனை பெரிதாகிறது என்பதால்தான் பெரியவர்களுக்குக் கலப்பு மோதல் றக்பி இல்லை. அதேவேளை, பெண்கள் ஆட்டத்தில் வீழ்த்துபவரும் வீழ்த்தப்படுபவரும் ஒத்த உடலினர். ஆகவே அந்த ஆட்டத்துக்குள் மோதல் மென்மையானது என்று நினைப்பது பிழை. வீராங்கனைக்கு எதிரே வருவது அவருடைய உடலுக்கு ஏற்ற முழு மோதலே.

அடுத்ததைத்தான் பலர் கவனிப்பதில்லை. மற்ற விளையாட்டுகள் பெண்களுக்காக அளவுகளை மாற்றியிருக்கின்றன. கரப்பந்தாட்டத்தில் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். குண்டெறிதலில் 7.26 கிலோகிராமுக்குப் பதில் 4 கிலோகிராம். கூடைப்பந்தாட்டத்தில் பந்து ஓர் அளவு சிறிது. தடை தாண்டலில் தடையின் உயரம் குறைவு. எழுவர் றக்பியின் விதிநூலில் அப்படி எதுவும் இல்லை. மைதானம் பதினைவர் றக்பிக்குரிய அதே 100 மீற்றர் நீளமும் 70 மீற்றர் வரை அகலமும் கொண்டது. பந்து அதே ஐந்தாம் இலக்கப் பந்து. கம்பங்களுக்கிடையே அதே 5.6 மீற்றர், குறுக்குத்தடிக்கு அதே 3 மீற்றர் உயரம். அதே ஏழு நிமிடங்கள் கொண்ட இரு பாதிகள். உடல் மாறுகிறது, சட்டகம் மாறவில்லை. ஆகவே உடலின் வேறுபாடு முழுவதும் ஆட்டத்தின் வடிவத்தில் வந்து விழுகிறது.

பந்தை எறிவதைப் பாருங்கள். தற்காப்பில் ஆறு பேர் வரிசையில் நின்று ஒருவர் பின்னால் காத்திருந்தால், 70 மீற்றர் அகலத்தில் ஒவ்வொருவருக்கும் 11 மீற்றருக்கு மேல் காவல் இருக்கிறது. இரு தரப்பும் பத்திலொரு பங்கு மெதுவாக ஓடினால் ஓட்டத்தால் மட்டும் யாருக்கும் இலாபம் இல்லை. ஆனால் எறிதல் தோளையும் முதுகையும் சார்ந்தது. அங்கே இடைவெளி பெரிது. ஆண்கள் ஒரே எறிதலில் இரண்டு பேரைத் தாண்டிப் பந்தை ஓரத்துக்கு அனுப்பும் இடத்தில், பெண்கள் அணிக்குப் பெரும்பாலும் இரண்டு எறிதல்கள் தேவைப்படுகின்றன. அந்த இரண்டாவது எறிதலுக்குள் தற்காப்பு வரிசை பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. எனவே பெண்கள் ஆட்டத்தில் நேராக ஓடித் தற்காப்பாளரை ஓரிடத்தில் நிறுத்திவைப்பதற்கு, ஆண்கள் ஆட்டத்தைவிட அதிக மதிப்பு உண்டு. ஆண்கள் திட்டத்திலுள்ள அகலமான எறிதல் பயிற்சிகளை அப்படியே கொடுத்தால், மாணவிகள் பந்தை உயரத் தூக்கி எறியப் பழகிவிடுவார்கள். காற்றில் மிதந்துவரும் பந்து தற்காப்பாளருக்குக் கொடுக்கும் பரிசு.

பந்தின் சுற்றளவு குறுக்காக 58 முதல் 62 சென்ரிமீற்றர் வரை. பெரிய கை உள்ள ஆண் வீரர் அதை ஒற்றைக் கையில் பற்றிக்கொண்டு, மறு கையால் எதிராளியைத் தள்ளி, விழும்போதே பின்னால் வருபவருக்குக் கொடுத்துவிடுகிறார். பிஜி அணியின் ஆட்டத்தின் அழகே அதுதான். சிறிய கையால் அதைச் செய்வது கடினம். மாணவிகளுக்கு இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்தபடி மோதலுக்குள் போய், இடுப்பைத் திருப்பிக் கொடுக்கப் பழக்குங்கள்.

உதைத்தலில் இடைவெளி எல்லாவற்றையும்விடத் தெளிவாகத் தெரியும். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் ஊன்றுவது ட்ரை; அதற்கு 5 புள்ளி. அதன்பின் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தால் மேலும் 2 புள்ளி. எழுவர் றக்பியில் இந்த மேலதிக உதையைப் பந்தை நிலத்தில் வைத்து உதைக்க முடியாது. கையிலிருந்து விட்டு, நிலத்தில் பட்டு எழும் கணத்தில் உதைக்க வேண்டும். பக்கக்கோட்டிலிருந்து 5 மீற்றர் உள்ளே ட்ரை வைத்த ஒருவர், உதைப்பதற்காக 22 மீற்றர் பின்னால் வந்து நிற்பதாகக் கொள்ளுங்கள். கம்பங்களின் நடுவுக்குத் தூரம் ஏறத்தாழ 37 மீற்றர். அங்கிருந்து சாய்வாகப் பார்க்கும்போது 5.6 மீற்றர் இடைவெளி 3.3 மீற்றர் அளவாகச் சுருங்கித் தெரியும். பந்து செல்லும் தூரம் அதன் ஆரம்ப வேகத்தின் வர்க்கத்தோடு மாறுகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால், வேகம் 10 சதவீதம் குறையும்போது தூரம் 19 சதவீதம் குறைகிறது. ஆகவே பெண்கள் ஆட்டத்தில் மூலையில் வைத்த ட்ரை பெரும்பாலும் 5 புள்ளியோடு நின்றுவிடுகிறது, கம்பங்களுக்கு நடுவே வைத்த ட்ரை 7 ஆகிறது. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம் அப்படித்தான் முடிந்தது: 12–7 என்று அவுஸ்திரேலியா முன்னிலையில் இருக்க, கடைசிக் கணத்தில் அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் தமது எல்லைக்கு அருகிலிருந்து மைதானம் முழுவதையும் ஓடிக் கடந்து ட்ரை வைத்தார். அது 12–12 என்ற சமநிலை. பின்னர் அவரே உதைத்த உதையால் 14–12. உங்கள் மாணவி எல்லைக் கோட்டைத் தாண்டிய பின்னும், துரத்துபவர் தொலைவில் இருந்தால், கம்பங்களை நோக்கி வளைந்து ஓட வேண்டும். இதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்க வேண்டும்.

ஆட்டத்தை மீள ஆரம்பிக்கும் உதையிலும் இதே கணக்குத்தான். எழுவர் றக்பியில் புள்ளி பெற்ற அணியே மீண்டும் உதைக்கிறது. அந்த உதையில் பந்தைத் திரும்பப் பெற்றுவிட்டால் எதிரணி பந்தைத் தொடாமலே அடுத்த ட்ரையும் வரலாம். பந்து காற்றில் நிற்கும் நேரம் பத்திலொரு பங்கு குறைந்து, துரத்துபவரின் வேகமும் பத்திலொரு பங்கு குறைந்தால், பந்து கீழே வருமுன் அவர் எட்டக்கூடிய தூரம் ஐந்திலொரு பங்கு குறைகிறது. ஆண்கள் அணி 20 மீற்றர் தூரத்துக்கு உதைத்துப் போட்டியிடும் பந்தை, உங்கள் அணி 16 மீற்றர் அளவில் உதைத்தால்தான் அதே வாய்ப்போடு போட்டியிடலாம். 10 மீற்றரைத் தாண்ட வேண்டும் என்ற விதி மட்டும் குறையாது. ஆகவே உதைப்பவருக்குக் கிடைக்கும் இடம் ஒடுங்கிவிடுகிறது. இந்த ஒரு திறனுக்கு ஒரு மாணவியைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு பயிற்சியிலும் அவருக்குத் தனியாக நேரம் ஒதுக்குவது வீண்போகாது.

இனி இடைவெளி ஏறத்தாழ இல்லாத பக்கத்துக்கு வருவோம். ஓர் ஆட்டத்தில் வீரர் ஒருவர் கடக்கும் மொத்தத் தூரம் ஆண்களிலும் பெண்களிலும் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர். நிமிடத்துக்கு 100 மீற்றரை ஒட்டிய வேகம். குறைந்த உச்ச வேகத்தோடு அதே தூரத்தைக் கடப்பது என்றால், பெண் வீராங்கனை தமது உடலின் உச்ச வரம்புக்கு இன்னும் நெருக்கமாக ஓடுகிறார் என்பதே பொருள். ஆனால் ஓடும் தூரத்தையும் வேகத்தையும் அளக்கத் தோள்பட்டைகளுக்கு நடுவே பொருத்தும் ஜீபீஎஸ் கருவியின் அறிக்கையில் இது நீண்ட காலம் தெரியவில்லை. காரணம், அதிவேக ஓட்டம் என்று கணக்கெடுப்பதற்கான கோடு ஆண்களை வைத்து செக்கனுக்கு 5 மீற்றர் என வரையப்பட்டிருந்தது. அவுஸ்திரேலிய வீராங்கனைகளின் உடலியல் அளவீடுகளை வைத்துப் பார்த்தபோது, அவர்களுக்கு அந்தக் கோடு சராசரியாக 3.5 மீற்றர் அளவில் இருக்க வேண்டும் என்றும், ஆண்களின் கோட்டைப் பயன்படுத்தினால் சிலருடைய கடும் உழைப்பு 30 சதவீதம் வரை குறைத்துக் காட்டப்படுகிறது என்றும் தெரியவந்தது. களைத்து நிற்கும் பிள்ளையைப் பார்த்து, நீ போதுமானளவு ஓடவில்லை என்று கருவி சொல்லியிருக்கிறது. இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தரும் விடயம்.

உங்களிடம் கருவி தேவையில்லை. 20, 40, 60 மீற்றர்களில் கூம்புகளை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓடித் திரும்ப வேண்டும், அது ஒரு சுற்று. ஐந்து சுற்றுகள் ஓடினால் 1200 மீற்றர். றக்பி அணிகள் இதைப் புரொன்கோ சோதனை என்கின்றன. ஒரு மாணவி 6 நிமிடத்தில் முடித்தால் அவருடைய சராசரி வேகம் செக்கனுக்கு 3.33 மீற்றர், 5 நிமிடத்தில் முடிக்கும் இன்னொருவருக்கு 4 மீற்றர். 15 செக்கன் ஓடி 15 செக்கன் நிற்கும் பயிற்சியை அவரவர் வேகத்தில் 120 சதவீதத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலாமவருக்கு 60 மீற்றர், இரண்டாமவருக்கு 72 மீற்றர். ஆண்கள் திட்டத்தில் 75 மீற்றர் என்று எழுதியிருக்கலாம். அதில் பத்திலொரு பங்கைக் குறைத்து எல்லோருக்கும் 67.5 மீற்றர் கொடுத்தால், முதல் மாணவி தமது வேகத்தில் 135 சதவீதத்துக்கு ஓட நேர்ந்து நாலைந்து தடவையில் நின்றுவிடுவார். இரண்டாம் மாணவிக்கு அது போதாமல் இருக்கும். உங்கள் கேள்விக்கு மிக நேரான விடை இதுவே என்பேன்: ஆண்களின் எண்ணிலிருந்து எதையும் கழிக்க வேண்டாம், ஒவ்வொரு மாணவியின் சொந்த அளவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

ஹீமோகுளோபின் பற்றி முன்னர் சொன்னேன். அதை உடல் உருவாக்க இரும்பு தேவை. வளரும் வயதுப் பெண் பிள்ளைகளில் இரும்புச்சத்துக் குறைபாடு பொதுவானது. நன்றாகப் பயிற்சி செய்தும் புரொன்கோ நேரம் குறையாமல், படியேறவே மூச்சு வாங்குகிற மாணவியைச் சோம்பேறி என்று எண்ணாமல் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிப் பெற்றோரிடம் பேசுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். எங்கள் வீடுகளில் இதை மாற்றுவது சிரமம், ஆனாலும் சொல்ல வேண்டும். மாதவிடாய் நாட்களின் தாக்கம் ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடுவதால் பொது விதி எதையும் வகுக்காமல், விரும்பும் மாணவிகள் தாமே குறித்துவைத்துப் பார்க்க இடம் கொடுப்பது நல்லது.

பெண்கள் ஆட்டத்தில் போட்டித்தன்மை குறைவு என்று சொல்பவர்களை நீங்கள் சந்திப்பீர்கள். மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களையும் பாருங்கள். ஆண்களில் 2016இல் பிஜி பிரித்தானியாவை 43–7 என்றும், டோக்கியோவில் நியூசிலாந்தை 27–12 என்றும் வென்றது. பரிஸில் பிரான்ஸ் பிஜியை 28–7 என்று வென்றது. பெண்களில் 2016இல் அவுஸ்திரேலியா நியூசிலாந்தை 24–17 என்றும், டோக்கியோவில் நியூசிலாந்து பிரான்ஸை 26–12 என்றும், பரிஸில் நியூசிலாந்து கனடாவை 19–12 என்றும் வென்றன. மூன்று தடவையும் பெண்களின் இறுதியாட்டமே நெருக்கமானது. ஆண்களுக்கான உலகத் தொடர் 1999இலும் பெண்களுக்கானது 2012இலும் தொடங்கின என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப ஆண்டுகளில் தெரிந்த இடைவெளியில் ஒரு பகுதி உடலால் வந்ததல்ல, வாய்ப்புப் பிந்திக் கிடைத்ததால் வந்தது.

உங்கள் மாணவிகள் வலைப்பந்தாட்டத்திலிருந்து வருவது ஒரு நல்ல தொடக்கம். பெண்கள் எழுவர் றக்பியின் மிகச் சிறந்த ட்ரை வீராங்கனைகளில் ஒருவரான நியூசிலாந்தின் போர்ஷியா வூட்மன் வலைப்பந்தாட்டத்தை உயர் மட்டத்தில் ஆடிய பின்னரே றக்பிக்கு வந்தார். உயரப் பந்தைப் பிடிப்பதும் வெற்றிடத்தைக் கண்டு ஓடுவதும் அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்தவை. ஆனால் மூன்று பழக்கங்கள் எதிராக நிற்கும். வலைப்பந்தில் பந்தைப் பிடித்ததும் நிற்க வேண்டும்; இங்கே ஓடிக்கொண்டே பிடித்து, வேகத்தைக் கூட்ட வேண்டும். அங்கே பந்து முன்னோக்கிப் போகும். இங்கே பின்னோக்கி மட்டுமே எறியலாம். இவை இரண்டும் சில வாரங்களில் மாறிவிடும். மூன்றாவது கடினமானது: பந்து வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் விலகி நிற்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பழகிய உடல், றக்பியில் எதிராளியை நெருங்கும் கடைசி அடியில் தானாகவே நின்றுவிடும். நின்ற இடத்திலிருந்து கைகளை மட்டும் நீட்டி வீழ்த்த முயல்வார்கள். காயம் வருவது அங்கேதான். அந்தக் கடைசி அடியை, எதிராளியின் கால்களுக்கிடையே பாதத்தை ஊன்றும் அந்த அடியை, முதலில் நடையில், பிறகு மெதுவான ஓட்டத்தில் என்று பழக்க வேண்டும்.

முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது களவிளையாட்டுகளில் பெண்களுக்கு ஆண்களைவிடக் கணிசமாக அதிகம் நேர்கிறது. பாய்ந்து இறங்கும்போதும் திசை மாற்றும்போதும் முழங்கால் உட்புறமாகச் சரிவதே பெரும்பாலும் அதன் தொடக்கம். உலக றக்பி அமைப்பின் அக்டிவேட் என்னும் ஆயத்தப் பயிற்சி இத்தகைய காயங்களைக் குறைப்பதற்காக வகுக்கப்பட்டது. அதை வாரத்தில் மூன்று நாள் தவறாமல் செய்தால் பயன் கூடும். ஒரு மாணவியைச் சிறிய பெட்டியிலிருந்து இறங்கச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள்: முழங்கால் பாதத்துக்கு நேரே நின்றால் நல்லது, இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று நெருங்கினால் அவருக்கு இடுப்பு, தொடை வலிமைப் பயிற்சி முதலில் வேண்டும். கழுத்தும் கவனத்துக்குரியது. பெண்கள் றக்பியில் வீழ்த்தப்பட்டுப் பின்புறமாக விழும்போது தலை நிலத்தில் அடிபடுவது அடிக்கடி காணப்பட்டுள்ளது. விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்துப் பக்கவாட்டில் விழவும், கழுத்துத் தசைகளை வலுப்படுத்தவும் ஆண்களுக்குச் செலவிடுவதைவிட அதிக நேரம் செலவிடுங்கள்.

இந்தக் காரணத்தால் எங்கள் மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசியிலிருந்து ஆவணி வரை யாழ்ப்பாணத்துப் பாடசாலை மைதானங்கள் பல, புல் கருகி இறுகிப்போய் இருக்கும். அந்த மாதங்களில் ஓட்டம், எறிதல், உதைத்தல், தொட்டு நிறுத்தும் ஆட்டம் ஆகியவற்றை வெயில் தாழ்ந்த பிறகு செய்யுங்கள். வீழ்த்தும் பயிற்சியை மெத்தையில் முழந்தாளிட்டுச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் தவணையில் மழை இறங்கி நிலம் இளகியதும், நின்ற நிலையிலிருந்து ஒருவரையொருவர் வீழ்த்துவதை அரை வேகத்தில் தொடங்கலாம். முழு வேகத்தில் வீழ்த்துவதற்கு, பெட்டிச் சோதனையில் முழங்கால் நேராக நிற்கும் மாணவிகளை மட்டும், இருவர் இருவராக, எடை ஒத்தவர்களோடு சேர்த்து விடுங்கள்.